இறந்தும் ஆயிரம் பொன்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் முன்னோர் வாக்கு. யானைக்கு அது பொருந்தும். மோட்டார் வண்டிக்குப் பொருந்துமா? ஓடும்வரைதான் வண்டிக்கு மதிப்பு. ஓட்டம் நின்றுவிட்டால் அது வெறும் பழைய இரும்பு. நம்மிற் பலர் இவ்வாறுதான் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், பன்வில நகருக்கு அப்பால் ஒரு பலாமரத்தடியில் உடைந்து கிடந்த வண்டியொன்று எனக்குப் பாடம் புகட்டும் வரையில்.

கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பது என் தொழில். என் தந்தையார் கண்டியில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் எனக்கு விட்டுச் சென்ற முதுசொத்துக்களுள் ஒன்று 1955ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் பிக்கப் வண்டி. எழுபது வயதான அவ்வண்டி இன்றும் ஓடுகின்றது. ஆயினும் பொருள்களை ஏற்றி இறக்கத் திறந்து மூடும் அதன் பின் தட்டிக்கதவு துருவேறி உளுத்துப் போயிற்று. பழைய வாகன உறுப்புக்களுக்குப் பெயர் பெற்ற கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "காருக்குச் சாமான் இருக்கிறது, பிக்கப்புக்கு இல்லை" என்பதே எல்லாரும் சொன்ன விடை.

ஒரு திங்கட்கிழமை, என்னிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். "சேர், எங்கள் ஊரில் ஒரு மொரிஸ் பிக்கப் கிடக்கிறது. வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி ஏற்றப் போகிறாராம்" என்றான். மறுநாள் மாலையே நான் புறப்பட்டேன். என் வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் முதிய மெக்கானிக்கும் உடன் வந்தார். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, தோட்டத்துக் கராஜிலே தொழில் பழகியவர் அவர். ஊரார் அவரைப் "பாஸ்" என்று மரியாதையாக அழைப்பார்கள், நானும் அப்படியே.

பலாமரத்தடியில்

கண்டியிலிருந்து வத்தேகம சென்று, அங்கிருந்து மலையேறும் பாதையிலே பஸ் வண்டி வளைந்து வளைந்து செல்லும். ஒரு புறம் தேயிலை; மறுபுறம் பள்ளத்தாக்கு. எதிரே, மடக்கிய கைவிரல்களின் கணுக்களைப் போல முகடுகள் வரிசையாக நிற்கும். அதனாலேயே ஆங்கிலேயர் அம்மலைத் தொடருக்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். அதன் காடுகள் 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. முதலிற் கோப்பி, அது நோயால் அழிந்த பின் தேயிலை என, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மக்களின் வியர்வை விழுந்த மலைகள் அவை.

நாங்கள் தேடிச் சென்ற வீட்டில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். வீட்டின் பின்னால், பலாமரத்தின் கீழே கிடந்தது வண்டி. முன் இடப்பக்கம் நசுங்கியிருந்தது. கண்ணாடியில்லாத ஜன்னலூடாகப் பூசணிக்கொடி புகுந்து, சுக்கானைச் சுற்றிப் படர்ந்திருந்தது. இலக்கத் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய காலத்து ஆங்கில எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன.

அம்மையார் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார். அயலிலுள்ள தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஓடிய வண்டி அது. 1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின், பழைய வாகனங்கள் ஏலத்துக்கு வந்தபோது அவருடைய கணவர் அதனை வாங்கினார். மலைநாட்டு மரக்கறிகளைக் கண்டிச் சந்தைக்கு ஏற்றிச் செல்வது அவர் பிழைப்பு. ஆனால் இரவிலே லயத்தில் எவருக்கேனும் நோய் கடுமையானால், முதலில் தட்டப்படுவதும் அவர் வீட்டுக் கதவுதான். மரக்கறி மூடைகளை இறக்கிவிட்டு, பாயை விரித்து, நோயாளியைக் கிடத்திக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வார்.

2001ஆம் ஆண்டில் ஒரு மழை இரவு. பிரசவ வேதனையிலிருந்த பெண்ணொருத்தியை ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிட்டுத் தனியே திரும்பி வருகையில், வளைவொன்றிலே வண்டி இடப்புறம் சரிந்து மலையோரம் மோதிற்று. கால் முறிந்ததோடு அவர் தப்பினார். "சக்கரம் தானாகவே படுத்துக்கொண்டது" என்றுதான் அவர் சாகும்வரை சொன்னாராம். ஊரார் நம்பவில்லை. குடித்துவிட்டு ஓட்டினார் என்றனர் சிலர்; தூங்கிவிட்டார் என்றனர் வேறு சிலர். பின்பு எவரும் அவரை வண்டியோட்ட அழைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அவர் காலமானார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மையார், "நானும் அந்தக் காலத்தில் என்ன நினைத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

சிறு காரின் பெருங்கதை

மொரிஸ் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இளம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. வில்லியம் மொரிஸ் 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தவர். 1893ஆம் ஆண்டில், நான்கு பவுண் முதலீட்டோடு, பெற்றோரின் வீட்டிலேயே துவிச்சக்கர வண்டி திருத்தும் தொழிலைத் தொடங்கினார். திருத்தத் தெரிந்த கைகள் பின்பு செய்யத் தெரிந்த கைகளாயின. 1913ஆம் ஆண்டில் அவருடைய முதலாவது மோட்டார் கார் ஒக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. பிற்காலத்தில் நஃபீல்ட் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவரே.

மைனர் காரை வகுத்தமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். இன்று துருக்கியிலுள்ள ஸ்மிர்னா நகரில் 1906ஆம் ஆண்டிற் பிறந்தவர். மாதிரி வண்டி முடிந்த பிறகு அதனை உற்று நோக்கிய அவருக்கு, அகலம் போதவில்லை என்று தோன்றிற்று. வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்தார். பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நான்கு அங்குலம் இடைவெளி விட்டபோது கண்ணுக்கு அழகாய் அமைந்தது. மைனர் வண்டியின் பொனட்டின் நடுவே முன்னும் பின்னுமாக ஒரு பட்டை ஓடுகின்றதல்லவா? அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. நஃபீல்ட் பிரபுவுக்கோ அவ்வண்டியைப் பிடிக்கவே இல்லை. ஓட்டை நீக்கி வெந்நீரில் இட்டு அவித்த முட்டையைப் போல இருக்கிறதென்று பரிகசித்தார்.

அந்த 'அவித்த முட்டை' 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் காட்சியில் வைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் மைனர் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. பிரித்தானியக் கார்களுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. உற்பத்தி நின்றபோது தொகை பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கையில் டாக்டரும் ஆசிரியரும் கடைக்காரரும் அதனை விரும்பி வாங்கினர். கொழும்பு வீதிகளில் மஞ்சட் கூரையோடு வாடகைக்கு ஓடியதும் அதுவே. வேன், பிக்கப் ஆகிய சுமை வண்டிகள் 1953ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன.

எது அரிது?

பழைய வண்டியொன்றை வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, அரிய பொருள் எது, எளிய பொருள் எது என்பதாகும். இதில் நம் கண் நம்மை ஏமாற்றிவிடும். எஞ்சின் பெரியது, சிக்கலானது. ஆகவே அதுதான் விலைமதிப்புள்ளது என்று நினைப்போம். உண்மை வேறு. 1952ஆம் ஆண்டுக்குப் பிந்திய மைனர் வண்டிகளிற் பூட்டப்பட்டது 'ஏ வரிசை' எஞ்சின். அது 1951ஆம் ஆண்டில் ஒஸ்டின் கார் ஒன்றில் முதன்முதலாக வந்து, இஸிகோனிஸ் பின்னர் வகுத்த 'மினி' காரில் 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. அரை நூற்றாண்டு செய்யப்பட்ட எஞ்சினுக்கு உறுப்புக்கள் கிடைப்பது அவ்வளவு கடினமன்று. முதல் மைனர்களில் முன் கண்ணாடி நடுவே பிரிந்த இரண்டு தட்டைத் துண்டுகளாக இருக்கும். பார்ப்பதற்கு அபூர்வமாய்த் தோன்றும். ஆனால் தட்டைக் கண்ணாடியை எந்தக் கண்ணாடிக் கடையிலும் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

பிக்கப் வண்டிக்கென்றே உரியவைதாம் அரியவை. மைனர் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. அதன் உடற்கூடே சுமையைத் தாங்கும். பிக்கப்புக்கும் வேனுக்குமோ, ஏணியைப் போன்ற தனி இரும்புச் சட்டம் உண்டு. செசி என்று கராஜிற் சொல்வது அதனைத்தான். அந்தச் சட்டம், சுமைத்தட்டின் பக்கத் தகடுகள், சாரதி அறையின் பின்சுவர், பின் தட்டிக்கதவு, அதன் சங்கிலி, பிணைச்சல் ஆகியவை வேறெந்தக் காரிலிருந்தும் எடுக்க முடியாதவை. சுமை வண்டிகள் தேயும் மட்டும் உழைத்து அழிந்தன. பூச்சியுருண்டை போட்ட பட்டுச்சேலை போல அவற்றை எவரும் பேணவில்லை.

பாஸ் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். சிறு சுத்தியலாற் சட்டத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். "சட்டம் முன்பக்கம் வளைந்துவிட்டது மாஸ்டர். பின்பக்கம் நல்லது. தட்டிக்கதவு தங்கம்" என்று என் காதோடு சொன்னார். பலாமரத்திற் சாய்ந்திருந்த பின்பக்கம் மழைக்கு ஒதுங்கித் தப்பியிருந்தது. திரும்பும் திசையைக் காட்டுவதற்காகப் பக்கத் தூணிலிருந்து புகையிரதக் கைகாட்டி போல எழும் சிறிய கைகாட்டிகளுள் ஒன்றுகூட முழுதாக இருந்தது. 1961ஆம் ஆண்டளவில் மின்னும் விளக்குகள் வந்து அவற்றை ஓய்வுபெறச் செய்துவிட்டன.

விலை

"இரும்புக்காரர் அறுபதினாயிரம் ரூபா சொன்னார். நீங்கள் அறுபத்தையாயிரம் தந்தாற் போதும், தம்பி" என்றார் அம்மையார்.

உள்ளதைச் சொல்கின்றேன். அந்தத் தட்டிக்கதவுக்கு மட்டுமே அத்தொகையை மகிழ்ச்சியோடு கொடுக்க நான் ஆயத்தமாயிருந்தேன். வண்டி முழுவதையும் அந்த விலைக்குத் தருகின்றேன் என்கிறார் ஒருவர்! என் வாய் உடனே "சரி" என்றது. ஐயாயிரம் ரூபா முற்பணம் கொடுத்துவிட்டு, வெற்றி வீரனைப் போலக் கண்டிக்குத் திரும்பினேன்.

இராச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம் பெருமையாகக் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்த அம்மாவுக்கு அதன் பெறுமதி தெரியுமா?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரும்புக்காரர் செய்தது தவறன்று. அவர் இரும்பை நிறுத்து விலை சொன்னார், இரும்பைத்தான் வாங்க வந்தார். நானோ இரும்பின் விலையைக் கொடுத்து வேறொன்றை வாங்க முயன்றேன். எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரியாததும் ஆகிய அந்த இடைவெளியிலே என் இலாபம் முழுவதும் இருந்தது. நிறுவையிற் கள்ளப்படி வைத்தால் அதனைக் களவென்று வகுப்பிற் சொல்லிக் கொடுக்கும் நான், இதற்கு என்ன பெயர் சொல்வேன்?

புதன்கிழமை பாடசாலை விட்டதும் மீண்டும் பஸ் ஏறினேன். எது அரிது, எது எளிது என்பதை அம்மையாருக்கு வண்டியைக் காட்டியே விளக்கினேன். உறுப்புக்களைத் தனித்தனியே விற்றால் இரண்டு இலட்சம் ரூபா அளவிற் கிடைக்கலாம் என்றும், அவ்வளவு பணம் என்னிடம் இல்லையென்றும் சொன்னேன். ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எனக்கு வேண்டியவற்றுக்காக ஓரிலட்சம் உடனே கொடுப்பது. எஞ்சியவை விலைப்படும்போது செலவு போக வருவதில் அவருக்குப் பாதி. அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேற்றே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அவ்வளவுதான். அது எனக்கு வேண்டிய அடிதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். வண்டியை விட்டுவிட்டு, அதன் பதிவுப் புத்தகத்தையும் இலக்கத்தையும் மட்டும் கேட்டு ஒருவர் முன்னர் வந்திருந்தாராம். இறந்த வண்டியின் பெயரை வேறொரு வண்டிக்குச் சூட்டி ஓடவிடும் மோசடிக்காகவே இவ்வாறு கேட்பவர்கள் இருக்கின்றனர். அது சட்டப்படி குற்றம். விற்றவரும் வீணான வழக்கில் அகப்பட நேரிடும். உடைந்த வண்டியை விற்போர் பதிவுப் புத்தகத்தைத் தனியே கைமாற்றலாகாது. நாங்கள் அவ்வம்மையார் கையாலேயே கடிதம் எழுதுவித்து, வண்டி உடைக்கப்படுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தோம்.

கழற்றும் கலை

தவணை விடுமுறையிலே, பெற்றோரின் சம்மதத்தோடு உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் என்னோடு வந்தனர். பாஸ் முதலிற் கழற்றியது எந்த உறுப்பை என்று நினைக்கின்றீர்கள்? சாரதிக்கு முன்னால் ஒட்டப்பட்டிருந்த கதிர்காமக் கந்தன் படத்தை. அதனைத் துடைத்து அம்மையாரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார்.

கழற்றுவது உடைப்பதன்று என்பதை மாணவர் அன்று கற்றனர். மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்கவேண்டும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி, வெறுமையாக்கி, தொலைவில் வைத்த பிறகே தீக்கதிரால் வெட்டும் வேலை நடக்கலாம். வெறுந்தாங்கியிலும் ஆவி நின்று வெடிக்கும். துருப்பிடித்த மரைகளை வலிந்து திருகினால் தலை முறியும். மண்ணெண்ணெய் தடவி, ஓரிரவு ஊறவிட்டு, சிறிது இறுக்கிப் பிறகு தளர்த்தினால் இணங்கும். இந்த வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கிலானவை; இன்று நம்மிடையே மலிந்துள்ள யப்பானிய வாகனங்களின் மரைகளோ மில்லிமீற்றர்க் கணக்கு. ஒன்றின் ஸ்பானரை மற்றொன்றிற் போட்டால் மூலைகள் மழுங்கிவிடும்.

கழற்றிய ஒவ்வோர் உறுப்பிலும் அட்டைச்சீட்டு ஒன்று கட்டப்பட்டது. இடமா, வலமா, எதனோடு பொருந்தியிருந்தது, எத்தனை போல்ட் என்பதெல்லாம் சீட்டிற் குறிக்கப்பட்டன. கழற்றுமுன் கைத்தொலைபேசியிற் படமும் எடுத்தனர். "நாங்கள் படமும் எடுக்கவில்லை, சீட்டும் கட்டவில்லை. எல்லாம் மண்டைக்குள்தான்" என்று பாஸ் சிரித்தார். ஆனால் மாலையிற் சீட்டுக்களை ஒவ்வொன்றாய் வாங்கிப் பார்த்து, இரண்டு இடங்களிற் பிழை திருத்திக் கொடுத்தவரும் அவரே.

தேய்ந்த மரையின் சாட்சி

மூன்றாம் நாள் முன் சக்கரங்களுக்கு வந்தோம். மைனர் வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் வில்லன்று; முறுக்கப்படும் நீண்ட உருக்குக் கோல். கோலை முறுக்கினால் அது மீண்டும் நிமிர முயல்கின்றது. அந்த முயற்சியே சுமையைத் தாங்குகின்றது. வகுப்பிற் கரும்பலகையிற் பல ஆண்டுகளாக நான் வரைந்து காட்டிய விதியை, மாணவர் அன்று கையால் தொட்டுப் பார்த்தனர்.

அக்கோலின் நுனியிலுள்ள கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் தண்டு ஒன்று உண்டு. வண்டி திரும்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பும். அதன் கீழ்முனை, மரையிட்ட ஓர் இரும்புக் குவளைக்குள்ளே திருகப்பட்டிருக்கும். இடப்பக்கத்துக்கு ஒருவகை மரை, வலப்பக்கத்துக்கு எதிர்வகை. இந்த மரைக்கு ஓயாமற் கிறீஸ் வேண்டும். கிறீஸ் வற்றினால் மரை சிறிது சிறிதாகத் தேயும். தேய்ந்து முடிந்தால் தண்டு குவளையை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் வண்டியின் கீழே மடிந்துவிடும். மைனர் வண்டிக்கு எல்லா நாட்டிலும் பெயர்பெற்ற பலவீனம் இது.

இடப்பக்கத்துத் தண்டு குவளையை விட்டுக் கழன்றே கிடந்தது. பாஸ் அதனை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து என் கையிலே தந்தார். மரை இருந்த இடம் விரலால் தடவினால் வழுவழுவென்றிருந்தது. மோதலினால் இரும்பு வளையும், அல்லது முறியும். ஆனால் ஒரு கணத்து மோதல் மரைகளை இவ்வாறு மெழுகித் தேய்க்காது. அதற்குப் பல மாதங்கள் வேண்டும். என்றாலும் ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு சொல்வது பௌதிகவியல் படித்தவனுக்கு அழகன்று. மோதலே படாத வலப்பக்கத்தையும் கழற்றச் சொன்னேன். அங்கும் மரை முக்காற் பங்கு தேய்ந்து, இன்னும் சில காலத்திற் கழன்றுவிடும் நிலையில் இருந்தது.

கிறீஸ் செலுத்தும் சிறு முலைபோன்ற வாயைப் பாஸ் ஊசியாற் குத்திப் பார்த்தார். உள்ளே கல்லாக இறுகிய மண். வாயைச் சுற்றி வெளியிலே, பழைய கிறீஸ் படைபடையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. "மனிதர் தவறாமற் கிறீஸ் அடித்திருக்கிறார், மாஸ்டர். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை" என்றார் பாஸ்.

அப்படியானால் அன்றிரவு நடந்தது, அந்த மனிதர் சொன்னதேதான். சக்கரம் தானாகவே படுத்துக்கொண்டது.

அம்மையாரை அழைத்து, நல்ல மரை எப்படியிருக்கும் என்பதை ஒரு புதிய போல்டிலே காட்டி, பின்பு தேய்ந்த தண்டைக் கையிலே கொடுத்தோம். அவர் கட்டைவிரலால் அதனைத் தடவிக்கொண்டே நின்றார். மாணவர் பேச்சடங்கி நின்றனர். நெடுநேரத்துக்குப் பின், "குடிக்கவில்லை என்று என்னிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பார். நான் ஒரு தடவையாவது 'தெரியும்' என்று சொல்லவில்லை" என்றார். உள்ளே போய் எல்லாருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

அந்த வண்டியிலே பழைய இரும்புக் கடையிற்கூட விலைபோகாத உறுப்பு ஒன்று உண்டென்றால், அது அந்தத் தேய்ந்த தண்டுதான்.

இல்லாமை வளர்த்த தொழில்

பாஸ் போன்றவர்களின் கைத்திறன் எங்கிருந்து வந்தது? இல்லாமையிலிருந்து வந்தது. 1960களிலும், 1977ஆம் ஆண்டு வரையான காலத்திலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய கார் வருவது அரிது. உதிரி உறுப்பு வருவதும் அரிது. ஆகவே இருப்பதைத் திருத்தினார்கள். திருத்த முடியாததைத் தாமே செய்தார்கள். தகட்டைத் தட்டி வளைத்து மட்காட் செய்யவும், கடைசல் இயந்திரத்திலே தண்டு கடையவும், றப்பரை அச்சில் வார்க்கவும் பழகிய தலைமுறையொன்று உருவாயிற்று.

அத்திறமையைத் தேடி இங்கிலாந்திலிருந்தே ஒருவர் வந்தார் என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். பாத் நகரில் மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை நடத்தியவர் சார்ள்ஸ் வெயார். நன்றாகப் பேணினால் ஒரு காரை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம், அதுவே சிக்கனம் என்பது அவர் கொள்கை. தாய்நாட்டிலே கிடைக்காமற்போன உறுப்புக்களைச் செய்விப்பதற்கு அவர் 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்தார். இங்கே கையாலே தட்டிச் செய்த தகடுகளும் உறுப்புக்களும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. கார் அங்கிருந்து வந்தது. அதன் ஆயுளை நீட்டும் மருந்து இங்கிருந்து போயிற்று.

பழைய பாடம் அண்மையிலும் திரும்பி வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரையில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே, முற்றங்களிற் கவனிப்பாரற்றுக் கிடந்த எத்தனையோ வண்டிகள் மீண்டும் எழுந்து நடந்தன. அவற்றை எழுப்பிய கைகள் பெரும்பாலும் நரைத்த தலையினருடையவை. அவர்களிடம் அருகிருந்து பழகும் இளைஞர் சிலரே. உறுப்பு அரிதாவதைவிட, அதனைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் அரிதாவதே பெரிய நட்டம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

எஞ்சியவை

பன்வில வண்டியின் தட்டிக்கதவு இப்பொழுது என் தந்தையாரின் வண்டியிலே பூட்டப்பட்டிருக்கின்றது. நிறத்தை மாற்ற எனக்கு மனமில்லை. முன்பக்கம் பச்சை, பின்கதவு சாம்பல் நிறம். வீதியிற் போவோர் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கியர் பெட்டி மாத்தளைக்குப் போயிற்று. கைகாட்டியைக் குருநாகலிலிருந்து ஒருவர் வந்து பெற்றுச் சென்றார். ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் அம்மையாருக்குரிய பாதியைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றேன். வளைந்த சட்டமும் உளுத்த தகடுகளும் ஈற்றில் இரும்புக்காரரிடமே போயின. அவரும் தம் விலையை நியாயமாகக் கொடுத்தார்.

நம் வீட்டு வண்டி பழையதோ புதியதோ, கிறீஸ் அடித்தோம் என்பதோடு அமையாமல், அது உள்ளே சென்றதா என்றும் பார்க்கவேண்டும். இது பாஸ் என் மாணவருக்குச் சொன்ன கடைசி அறிவுரை. படிப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

முக்காற் பங்கு தேய்ந்த வலப்பக்கத் தண்டு எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கின்றது; ஒவ்வோர் ஆண்டும் உராய்வைப் பற்றிப் படிப்பிக்கும்போது வெளியில் எடுக்கின்றேன். இடப்பக்கத்து மற்றதையும் கேட்டேன். அம்மையார் தரவில்லை. அது அவர் வீட்டிலே, கதிர்காமக் கந்தன் படத்துக்குக் கீழே, கணவரின் நிழற்படத்துக்கு அருகிலே வைக்கப்பட்டிருக்கின்றது. வீட்டுக்கு வருகின்றவர்கள் "இது என்ன?" என்று கேட்டால், அவர் அதனைக் கையிலே கொடுத்து, "தடவிப் பாருங்கள்" என்கின்றாராம்.